ஐந்தாவது பங்காளி

மின்வெட்டுப் பட்டியல் போடுகிற மேசையில் மின்சார வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் ஒருநாள் உட்காரப் போகிறீர்கள். இருக்கிற மின்சாரம் போதாதபோது யாருக்கு இன்று, யாருக்கு நாளை என்று பிரித்துக் கொடுக்கிற மேசை அது. கட்டம் கட்டி, எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டு முடித்ததும் மனத்துக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நம்பாதீர்கள்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் நான் மின்சார இலாகாவில் சேர்ந்தேன். திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையில், ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமங்களுக்குச் சூப்பர்வைசராகப் போனது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. மைல்கற்களில் கிலோமீட்டர் எழுதத் தொடங்கியிருந்த காலம். நடந்ததை நாளோடு சேர்த்து நினைவில் வைப்பது என் வழக்கம். இந்தச் சம்பவம் சித்திரையில் நடந்ததாக அந்த ஊரில் சிலர் சொல்வார்கள். தவறு. பங்குனிக் கடைசி. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். திண்டுக்கல்லில் கிறிஸ்தவர்கள் குருத்து ஞாயிறு கொண்டாடி முடித்திருந்தார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகிற நாளை நான் சந்தேகப்படுவதில்லை.

அந்தப் பகுதியில் நிலத்தைப் பாகம் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் நாளைப் பிரித்துக்கொள்வார்கள். நான்கு பங்காளிகள் இருந்தால், இன்று ஒருவர், நாளை அடுத்தவர், நான்கு நாளில் மறுபடி முதலாமவர். சூரியன் உதிப்பதிலிருந்து மறையும்வரை கிணறு அந்த ஒருவருக்கே. இதற்கு ‘முறை’ என்று பெயர். காளைகளைப் பூட்டித் தோல்பையால் கவலை இறைத்த காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு. அதில் ஒரு சண்டையும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சண்டை வரப்பைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் வந்ததே தவிர, இன்று யார் நாள் என்பதைப் பற்றி வந்ததில்லை.

பிறகு நாங்கள் கம்பம் நட்டுக்கொண்டு போனோம். வட்டாரத்தில் எத்தனை மோட்டார் ஓடுகிறது என்பதே அந்தக் காலத்தில் முன்னேற்றத்தின் அளவுகோல். மேலதிகாரி வந்தால் முதல் கேள்வி அதுதான். பங்குக் கிணற்றுக்காரர்கள் கூட்டாகக் கையெழுத்துப் போட்டு ஒரே இணைப்பு வாங்கினார்கள். மோட்டார் விலைக்காகக் காளைகளைச் சந்தையில் விற்றார்கள். விற்ற பிறகு மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பதில் உரமூட்டை அடுக்கினார்கள். திரும்பிப் போக வழி இல்லை என்பது அப்போது யாருக்கும் கவலையாகப் படவில்லை. நமக்கும்தான்.

நான் சொல்லும் வருஷம் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. நம் மாநிலத்தில் அன்றைக்கு மின்சாரம் என்றால் பெரும்பாலும் அணைத் தண்ணீர்தான். அணை இறங்கினால் கரண்டும் இறங்கும். கரண்டு இறங்கினால் கிணற்றுத் தண்ணீர் மேலே வராது. எனவே மேலிடத்திலிருந்து ஆணை வந்தது: கிராமத்து லைனுக்கு ஒருநாள், நகரத்து மில் லைனுக்கு மறுநாள், இப்படி ஒன்றுவிட்டு ஒருநாள். நியாயமான ஆணை. எனக்கும் அதில் குறை தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் லைனுக்குக் கரண்டு இல்லாத நாள். துணை மின்நிலையத்துக் கம்பிவேலிக்கு வெளியே ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். பெயர் ஆரோக்கியம். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார், சனி ஞாயிறுதான் வருவார். நிலத்தைப் பார்ப்பது முழுக்க அவள். நான்கு பங்குக் கிணறு ஒன்றில் நாலாவது பங்கு அவர்களுடையது, விலைக்கு வாங்கியது. மற்ற மூன்று பங்கும் ஒரே குடும்பத்தாருக்கு. முதல் பங்கு ரெங்கசாமி, இரண்டாவது அவருடைய சித்தப்பா மகன் முத்துக்கருப்பன், மூன்றாவது ரெங்கசாமியின் சொந்தத் தம்பி கோவிந்தன்.

“என்னம்மா, எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?” என்றேன்.

“கரண்டு வார வரைக்கும் உக்காந்திருக்கேன் சார். நீங்க ஒங்க வேலயப் பாருங்க.”

“இன்னைக்கு நம்ம லைனுக்குக் கிடையாதே. நாளைக்குத்தான்.”

“நாளைக்கு ரெங்கசாமி அண்ணன் முறை. அவுக முறைன்னா கரண்டு வந்துரும். எம் முறைன்னா வராது. ஒருதடவ தப்பலாம். ரெண்டுதடவ தப்பலாம். பட்டியல் போட்ட நாள்ல இருந்து ஒருதடவகூட எனக்கு வரலைன்னா, அதுக்கு என்ன பேரு சார்?” பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “அவுக வீட்டுல ஒங்களுக்குக் கோழி அடிச்சாகளாமே?” என்றாள்.

“எனக்குக் கோழி ஆகாதும்மா.”

“அப்ப முட்டையா?”

பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் காதர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லஞ்சம் வாங்கியவன் என்ற பெயர் ஒரு கிராமத்தில் விழுந்துவிட்டால், அதற்குப் பின் அங்கே நாம் சொல்லும் உண்மைகூட எடுபடாது. ஆனால் கோபப்படுவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். இளையவர்களாகிய உங்களுக்கும் அதையே சொல்வேன். புகார் பொய் என்று தோன்றினாலும், அது உண்மையாக இருந்தால் எப்படி உண்மையாக இருக்கும் என்று ஒருதடவை யோசித்துப் பாருங்கள்.

சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றி, அவளிடம் கேட்டு ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலால் அந்தந்த நாள் முறைக்காரர் பெயரின் முதலெழுத்தை எழுதினேன். கரண்டு உள்ள நாட்களை வட்டமிட்டேன். இரண்டாவது வரிக்குப் போவதற்கு முன்பே விளங்கிவிட்டது. முறை நான்கு நாளில் சுற்றுகிறது. கரண்டு இரண்டு நாளில் சுற்றுகிறது. முதலாமவருக்குக் கரண்டு நாள் என்றால், மூன்றாமவருக்கும் கரண்டு நாள். இரண்டாமவருக்கும் நாலாமவருக்கும் இருட்டு நாள். மறுசுற்றிலும் அப்படியே. அணை நிரம்பும்வரை அப்படியே. அண்ணனும் தம்பியும் கரண்டு நாளில் விழுந்தது தற்செயல். பட்டியல் ஒருநாள் தள்ளித் தொடங்கியிருந்தால் அவர்கள் இரண்டுபேரும் வந்து வேலிக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருவரும் தப்புச் செய்யவில்லை. ஆனாலும் ஆரோக்கியத்தின் மிளகாய்த் தோட்டம் காய்ந்துகொண்டிருந்தது. பூவெடுத்த சமயம். அந்த முறைக்கும் தண்ணீர் பாயாவிட்டால் செடி கருகத் தொடங்கும்; அடுத்த முறையும் தப்பினால் ஒன்றும் மிஞ்சாது.

திண்டுக்கல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் நல்லவர், அவசரக்காரர்.

“எல்லாருக்கும் சமமாத்தானே குடுக்குறோம்?”

“நாம சமமாத்தான் குடுக்குறோம் சார். அது கிணத்தடியில போயிச் சமமா விழலை.”

“ஒரு கிணத்துக்காக மில் லைனை மாத்தச் சொல்றீரா? எழுதி அனுப்பும், பார்ப்போம்.”

எழுதி அனுப்பினேன். எழுத்து மேலே ஏறி இறங்குவதற்குள் மிளகாய் சருகாகிவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் காதர் என் பக்கத்தில் வந்து, “சார், ஒரு மணி நேரம் போட்டு விட்ருவோம். அந்தம்மா ஓடிப்போயி எறைச்சுக்கிடட்டும். யாரு வந்து பாக்கப் போறா?” என்றார். மனிதருக்கு நல்ல மனசு. கை சுவிட்சுக்கு எட்டும் தூரம். அதைக் கேட்ட ஆரோக்கியம் வேலியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். என் மேல் விழுந்த கோழிப் பழியும் அந்த ஒரு மணி நேரத்தில் கழுவப்பட்டுவிடும். எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது.

“வேண்டாம்” என்றேன். “கரண்டு கிடையாதுன்னு ஊருக்குச் சொல்லியாச்சு. சொன்ன நாள்ல வரக்கூடாது. செத்த நேரம் இருங்கம்மா, நானே கிணத்துக்கு வாரேன்.”

“வந்து என்ன சார் பண்ணுவீக? வாயால ஊதி மோட்டார ஓட்டுவீகளா?”

அவள் முன்னால் நடக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். கிணற்றை நெருங்கியபோது மோட்டார் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே கோவிந்தன். மோட்டார் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கரண்டு இல்லாத நாள்தானே என்று, கரண்டு பாயும் செப்புத் துண்டுகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்குச் சற்று முன்தான் கிணற்றில் இறங்கி உறிஞ்சுகுழாயின் அடிவால்வில் அடைத்திருந்த பாசியை எடுத்துவிட்டு வந்திருந்தார். உடம்பு முழுக்க ஈரம். தரையும் ஈரம்.

ஆரோக்கியம் அந்த ஈரக் கையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், சாலைப் பக்கம் திரும்பித் துணை மின்நிலையம் இருக்கும் திசையைப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். “யேசுவே” என்று மட்டும் சொன்னாள். அன்று கரண்டு போடச் சொல்லி அதன்பிறகு கேட்கவில்லை. அன்று கரண்டு போட இருந்தோம் என்பது கோவிந்தனுக்கு இன்றுவரை தெரியாது.

எப்போதுமே இரக்கத்தால் சுவிட்சைப் போடாதீர்கள். வயரின் மறுமுனையில் யார் கை இருக்கிறது என்று மேசையிலிருந்து தெரியாது.

ரெங்கசாமிக்கும் முத்துக்கருப்பனுக்கும் ஆள் அனுப்பினோம். கிணற்று மேட்டு வேப்பமர நிழலில் நால்வரும் கூடினார்கள். கையோடு கொண்டுவந்த நாள்காட்டியைப் பிரித்து விரித்துக் காட்டினேன். ரெங்கசாமி பொறுமையாகப் பார்த்தார். நெற்றியில் நாமம், தோளில் துண்டு, குரலில் ஒரு அவசரமும் இல்லை.

“சரி சார். கணக்கு வெளங்குது. அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“கரண்டு வர்ற நாளை மட்டும் முறையாக் கணக்கு வச்சுக்கிட்டா என்ன? முதல் கரண்டு நாள் உங்களுக்கு, அடுத்த கரண்டு நாள் முத்துக்கருப்பனுக்கு. அப்படியே போகட்டும்.”

அவர் தலையை ஆட்டினார். “அது ஆகாது சார். போன வாரம் எந்தம்பி முறையில மத்தியானத்துல ஃபியூசு போச்சு. அப்ப அது பாதி முறையா, முழு முறையா? ஒங்க கரண்டு அரைமணி நேரம் வரும், நிக்கும், மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் நாங்க நாலுபேரும் மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கணும். சூரியன் அப்படி இல்ல. அது உதிச்சா எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குள்ள அது ஒண்ணுதான் பொது ஆளு.”

அவர் சொன்னது தன் லாபத்துக்காக மட்டும் இல்லை. ஒரு ஏற்பாடு பல தலைமுறை நின்றிருந்தால், அதில் ஏதோ ஒரு பகுதி மாறாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் சீர்திருத்தம் பேசக் கூடாது.

முத்துக்கருப்பன் வாயே திறக்கவில்லை. அண்ணன்மார் முன்னால் அவர் என்றுமே பேசியதில்லை என்றார்கள். ஆரோக்கியம்தான் எழுந்தாள்.

“அண்ணே, மோட்டாருக்கு நாலுபேரும் கையெழுத்துப் போட்டோம். சார், ஒருத்தர் கையெழுத்த வாபஸ் வாங்குனா என்னாகும்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே பொய் சொல்லவும் முடியாது, மழுப்பவும் கூடாது. “கூட்டு ஒப்பந்தம் நிக்காது. புதுசா எழுதி ஒப்புதல் வர்ற வரைக்கும் லைனைக் கழட்டணும்” என்றேன்.

“அப்ப நாளைக்குக் காலையில வாபஸ் வாங்குறேன். எனக்கில்லாத தண்ணி ஒருத்தருக்கும் வேணாம்.”

“ஏத்தா, வெளையாடுறியா?” என்றார் ரெங்கசாமி. “ஏங்கிட்டயும் மாடு இல்ல. கத்தரியும் வெங்காயமும் அம்புட்டும் போயிரும்.”

“எம் மொளகா போறப்ப நீங்க வேடிக்கதான பாத்தீக?”

“எங்கய்யா பிரிச்சு வச்ச முறை. நாலு நாளு நாலு பேரு. அத நான் ஒடைக்க மாட்டேன். கணக்கு ஒதைக்குதுன்னா, போயி அஞ்சாவதா ஒரு பங்காளியப் பெத்துக்கிட்டு வா!”

“பெத்தா முறை குடுப்பீகளா?” என்றாள் அவள், சட்டென்று.

முத்துக்கருப்பன்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் நான் ஐந்து என்ற சொல்லில் நின்றுவிட்டேன். கையில் பென்சில் இருந்தது. நாள்காட்டியின் பின்புறத்தில் மறுபடி எழுதினேன். நான்கு பெயருக்குப் பின் ஒரு வெற்றிடம் விட்டு, மறுபடி நான்கு பெயர். இப்போது ஒரு சுற்றில் இருட்டு நாளில் விழுந்தவருக்கு மறுசுற்றில் கரண்டு நாள். எல்லாருக்கும் அப்படியே. யாருடைய வரிசையும் மாறவில்லை. சூரியனும் பொது ஆளாகவே இருந்தது.

விளக்கிச் சொன்னேன். ரெங்கசாமி பெயர்களை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் அதில் நஷ்டம்தான். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் அதை மறைக்கவில்லை.

“அந்த அஞ்சாவது ஆளு யாரு? அவனுக்கு நெலம் எங்க இருக்கு? அன்னைக்கி யாரு எறைக்கிறது?” என்றார்.

அதுவரை துண்டைப் பிழிந்துகொண்டிருந்த கோவிந்தன் சொன்னார்: “ஒருத்தரும் எறைக்க வேணாம்ணே. கிணறு கெடக்கட்டும்.”

“என்னலே சொல்ற?”

“இப்பத்தான எறங்கிட்டு வந்தேன். ஊத்துக் கண்ணு நூலாட்டம் வடியுது. போன தடவ எம் முறையில மத்தியானத்துக்கு மேல மோட்டாரு காத்தத்தான் இழுத்துச்சு. மாடு கட்டி எறைக்கையில அமாவாசைக்கு மாட்டப் பூட்ட மாட்டோம். அன்னைக்கி யாரு முறையும் கெடையாது. அய்யா காலத்துலயே அப்படித்தான? மாட்டுக்கு ஓய்வுன்னு சொன்னோம், கிணத்துக்கும் சேத்துத்தான் இருந்திருக்கு. மோட்டாருக்கு அமாவாசை ஏதுன்னு நாமதான் அத விட்டுட்டோம்.”

ரெங்கசாமி கிணற்றின் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துப் போட்டார். சத்தம் வரச் சிறிது நேரம் ஆனது. திரும்பி வந்து ஆரோக்கியத்திடம், “நாலாவது முறை ஒனக்கு இன்னைக்கி. அப்ப அஞ்சாவது நாளைக்கா?” என்றார்.

நாளைக்குக் கரண்டு உள்ள நாள். அவருடைய நாள். வெற்றிடம் நாளைக்கு விழுந்தால்தான் அவளுடைய அடுத்த முறையில் கரண்டு இருக்கும். அவள் தலை குனிந்தாள். இவ்வளவு நேரம் சண்டை போட்டவளுக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல அந்த இடத்தில் வாய் வரவில்லை.

“சரி, விடு” என்றார் ரெங்கசாமி. “நாலு பங்காளியில ஒருத்தன்கூட ஒழுங்கா இல்ல. அஞ்சாவது ஆளுக்கு வாயாச்சும் இல்லாம இருக்கட்டும்.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மோட்டார் ஓடுகிறதா என்று வேவு பார்க்க வந்ததாக யாரும் நினைக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். ஆரோக்கியத்தின் தோட்டத்தில் ஒரு பகுதி அதற்குள் போய்விட்டது. மீதிக்குத் தண்ணீர் பாய்ந்தது. அடுத்த கோடையில் மேலிடத்துப் பட்டியல் வாரக் கிழமைகளை வைத்துப் போடப்பட்டது. கிழமை ஏழு; முறை நான்கானாலும் ஐந்தானாலும் வாரத்துக்கு வாரம் வேறு கிழமையில் விழும் என்பதால் இந்தச் சிக்கல் எழவே இல்லை. நான் எழுதி அனுப்பியதால் மாறியது என்று சொல்லமாட்டேன். அதற்குச் சான்று என்னிடம் இல்லை.

மேசையில் உட்காரப் போகிறவர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். நம் கணக்கு மீட்டரோடு முடிந்துவிடுகிறது. மக்களின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. பட்டியல் போடுமுன் அந்த இரண்டாவது கணக்கை விசாரியுங்கள். யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு அது கணக்கே அல்ல, வாழ்க்கை. சொல்ல வருகிறவள் கோழிக் குற்றச்சாட்டோடுதான் வருவாள். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசியில், நான் வேறு பிரிவுக்கு மாறிய பிறகு, அந்தச் சாலையில் ஜீப்பில் போக நேர்ந்தது. அதுவும் மழை பொய்த்த வருஷம்தான். வழியெல்லாம் கிணறு ஆழப்படுத்தும் வெடிச் சத்தம். இருக்கிற மோட்டார் போதாது, பெரிய மோட்டார் வேண்டும் என்று விண்ணப்பங்கள் குவிந்துகொண்டிருந்தன. அன்று லைனில் கரண்டு இருந்தது. இரண்டு பக்கமும் மோட்டார்கள் இரைந்துகொண்டிருந்தன. அந்த வேப்பமரத்தடியில் மட்டும் சத்தமில்லை.

ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்து வண்டியை நிறுத்தினேன். மோட்டார் அறை பூட்டியிருந்தது. வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து சோதனை விளக்கை வைத்துப் பார்த்தேன். மூன்று கம்பியிலும் எரிந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மேல்படிக்கட்டுகளின் நிழலை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

வரப்பில் களை எடுத்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் நிமிர்ந்து பார்த்து, அடையாளம் கண்டு சிரித்தாள். தலைமுடியில் நரை தொடங்கியிருந்தது.

“மோட்டார்ல என்னம்மா கோளாறு?” என்று சத்தமாகக் கேட்டேன்.

“கோளாறு ஒண்ணுமில்ல சார்,” என்றாள், மறுபடி களைக்குக் குனிந்துகொண்டே. “இன்னைக்கி அஞ்சாவது ஆளு முறை.”